நெகிழிச் சாலை

நெகிழிச் சாலை அல்லது பிளாஸ்டிக் சாலை என்பது கழிவு நெகிழியை ஜல்லிக் கற்களுடனும் நிலக்கீலுடனும் சேர்த்து மேலடுக்கு அமைக்கப்படும் சாலை ஆகும். பெயர் உணர்த்துவது போல இது முழுவதும் நெகிழியால் ஆனதன்று. வழக்கமான தார்ச் சாலையின் மேலடுக்குக் கலவையில், நிலக்கீலின் ஒரு சிறு பகுதிக்கு மாற்றாகவே நெகிழி சேர்க்கப்படுகிறது. இந்தியாவில் பரவலாகக் கையாளப்படும் உலர் முறை, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன் 2001 ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வுகளின் வழியே உருவானது.

சாலை அமைக்கப் பயன்படும் பொருட்களால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் பாதிப்பைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. எனினும் இதன் பயன் எல்லாச் சாலைகளிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. எவ்வகை நெகிழி சேர்க்கப்படுகிறது, கலவை எந்த வெப்பநிலையில் ஆயத்தம் செய்யப்படுகிறது, சாலை எத்தனை ஆண்டுகள் உழைக்கிறது, அது பெயர்க்கப்படும்போது பழைய கலவை என்னவாகிறது ஆகிய நான்கையும் பொறுத்தே இதன் பயன் அமைகிறது.

தாரும் நிலக்கீலும்

தமிழில் பேச்சு வழக்கில் "தார்" என்று குறிப்பிடப்படும் கறுப்புப் பொருள் இக்காலச் சாலைகளில் உண்மையில் தார் அன்று. அது நிலக்கீல் ஆகும். தார் என்பது நிலக்கரியைக் காற்றின்றிச் சூடாக்கும்போது கிடைப்பது. நிலக்கீல் என்பது கச்சா எண்ணெயை வடித்துப் பகுக்கும்போது, பெட்ரோல், டீசல் போன்ற இலேசான பகுதிகள் பிரிந்த பின்னர் அடியில் எஞ்சும் பிசுபிசுப்பான பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் நிலக்கரித் தார் கொண்டு சாலைகள் அமைக்கப்பட்டன. அப்பெயர் நிலைத்துவிட்டதால், பொருள் மாறிய பின்னரும் "தார்ச் சாலை" என்னும் வழக்கு தொடர்கிறது.

இவ்வேறுபாடு சூழலியல் நோக்கில் முக்கியமானது. நிலக்கரித் தாரில் பல்வளைய அரோமாட்டிக் ஐதரோகார்பன்கள் மிகுதியாக உள்ளன. இவற்றுட் பல புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. நிலக்கீலில் இவை மிகக் குறைவு. எனினும் சூடான நிலக்கீலின் புகை முற்றிலும் தீங்கற்றதன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பில், சாலைப் பணியின்போது நிலக்கீல் புகைக்கு ஆட்படுவது "மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புடையது" என்னும் பிரிவில் வைக்கப்பட்டது.

பின்னணி

சூடான நிலக்கீல் கலவையின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஜல்லியும் மணலும் கல்தூளும் ஆகும். ஏறத்தாழ 5 விழுக்காடே நிலக்கீல். கற்களைச் சூடாக்கி உலர்த்தி, உருகிய நிலக்கீலுடன் கலந்து, சூடு ஆறும் முன்னர்ப் பரப்பி உருளை கொண்டு இறுக்குவதே வழக்கமான முறை. இதனால் ஏற்படும் சூழல் பாதிப்புகளை மூன்றாகப் பகுக்கலாம்.

1. கல்: மலைகளையும் பாறைகளையும் வெடிவைத்து உடைத்து, அரைத்து, நெடுந்தொலைவு ஏற்றிச் செல்ல வேண்டும். நிலத் தோற்றம் அழிவதுடன், தூசியும் ஒலியும் அருகிலுள்ள ஊர்களைப் பாதிக்கின்றன.

2. நிலக்கீல்: இது புதுப்பிக்க இயலாத பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுகிறது.

3. வெப்பம்: பல நூறு டன் கற்களை 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்க எரிபொருள் வேண்டும். கற்களில் ஈரம் இருப்பின் அதனை ஆவியாக்கவே எரிபொருளில் ஒரு பகுதி செலவாகிறது.

இவற்றுடன் நான்காவதாகச் சாலையின் ஆயுளும் சேர்கிறது. சாலை விரைவில் பழுதடைந்தால் மேற்கண்ட மூன்றும் மீண்டும் முதலிலிருந்து செலவாகின்றன. மழைக்காலத்தில் தார்ச் சாலை பழுதடைவதற்குப் பெரும் காரணம் நீர். கல்லின் மேற்பரப்பு நிலக்கீலைவிட நீரை மிகுதியாக ஈர்க்கும் இயல்புடையது. விரிசல்கள் வழியே புகும் நீர், கல்லுக்கும் நிலக்கீலுக்கும் இடையே நுழைந்து பிணைப்பைப் பிரிக்கிறது. பின்னர் வண்டிச் சக்கரங்களின் அழுத்தத்தால் கற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து குழிகள் உண்டாகின்றன.

வரலாறு

1990களில் மெல்லிய நெகிழிப் பைகளின் பயன்பாடு இந்திய நகரங்களிலும் சிற்றூர்களிலும் பெருகியது. இவை வடிகால்களை அடைத்தன, குப்பையுடன் எரிக்கப்பட்டன, கால்நடைகளின் வயிற்றில் சேர்ந்தன. எடை குறைந்தும் அழுக்கடைந்தும் இருந்தமையால் பழைய பொருள் வணிகர்கள் இவற்றை விலை கொடுத்து வாங்குவதில்லை. இவ்வாறு மதிப்பற்றதாக ஒதுக்கப்பட்ட நெகிழிக்கு ஒரு பயனைக் காண்பதே தொடக்க கால ஆய்வுகளின் நோக்கமாக இருந்தது.

நிலக்கீலில் பலபடிச் சேர்மங்களைக் கலந்து அதன் பண்பை மேம்படுத்தும் முறை அதற்கு முன்னரே பல நாடுகளில் இருந்தது. ஆனால் அதற்கெனச் செய்யப்பட்ட விலை உயர்ந்த பலபடிகளே அவற்றில் பயன்பட்டன. வாசுதேவனும் அவருடைய குழுவினரும் கழிவு நெகிழியை நிலக்கீலில் கரைக்க முயல்வதற்கு மாறாக, அதனைச் சூடான கற்களின் மீது நேரடியாகப் பூசும் முறையை உருவாக்கினர். சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள சம்புலிங்கம் தெரு 2002 ஆம் ஆண்டில் இம்முறையில் அமைக்கப்பட்டது. இந்தியாவின் முதல் நெகிழிச் சாலைகளுள் இதுவும் ஒன்றாகும். தொடர்ந்து ஈரோடு, மதுரை ஆகிய நகரங்களிலும் சோதனைச் சாலைகள் இடப்பட்டன. 2006 ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. வாசுதேவனுக்கு 2018 ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

இதே காலப்பகுதியில் பெங்களூரில் கே. கே. பிளாஸ்டிக் வேஸ்ட் மேனேஜ்மெண்ட் என்னும் நிறுவனம், கழிவு நெகிழித் துகளைக் கொண்டு சாலை அமைக்கும் பணியைத் தொடங்கியது. பின்னர் ஜாம்ஷெட்பூர் உள்ளிட்ட பல நகரங்களிலும் நெகிழிச் சாலைகள் அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் ஊரகச் சாலைகளுக்கும் இம்முறை பயன்பட்டது. நெகிழியைச் சேகரித்துத் துண்டாக்கும் பணியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஈடுபட்டன.

செய்முறை

உலர் முறை

உலர் முறையில் நெகிழி முதலில் கல்லின் மேல் பூசப்பட்டு, அதன் பின்னரே நிலக்கீல் சேர்க்கப்படுகிறது. இதன் படிகள் வருமாறு:

1. சேகரித்த நெகிழி வகை பிரிக்கப்பட்டு, மண்ணும் ஈரமும் நீக்கப்படுகிறது.
2. பொறியில் இட்டு ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக நறுக்கப்படுகிறது.
3. ஜல்லிக் கற்கள் ஏறத்தாழ 160 முதல் 170 பாகை செல்சியசு வரை சூடாக்கப்படுகின்றன.
4. நறுக்கிய நெகிழி சூடான கற்களின் மீது தூவப்படுகிறது. அது அரை நிமிட அளவில் இளகி, கற்களின் மீது மெல்லிய படலமாகப் படிகிறது.
5. ஏறத்தாழ 160 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள நிலக்கீல் சேர்த்துக் கலக்கப்படுகிறது.
6. கலவை சாலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஏறத்தாழ 110 முதல் 120 பாகை வெப்பநிலையில் பரப்பி இறுக்கப்படுகிறது.

வழக்கமான கலவை ஆலையிலேயே இதனைச் செய்ய இயலும். நெகிழியைத் தூவுவதற்கான ஏற்பாடு ஒன்றே கூடுதலாக வேண்டும். சிறிய ஒப்பந்ததாரர்களும் இம்முறையைக் கையாள முடிந்தமைக்கு இவ்வெளிமையே காரணம்.

ஈர முறை

ஈர முறையில் நெகிழித் தூள் சூடான நிலக்கீலில் நேரடியாகக் கலக்கப்படுகிறது. நெகிழி நிலக்கீலில் எளிதில் கரைவதில்லை. ஆற்றல் மிக்க கலக்கிகளைக் கொண்டு நெடுநேரம் கலக்க வேண்டும். கலவை அசைவின்றி இருந்தால் நெகிழி பிரிந்து மேலே மிதக்கும். ஆகவே இம்முறையில் சேர்க்கக்கூடிய நெகிழியின் அளவும் குறைவு.

செயல்படும் விதம்

நெகிழிப் படலம் கல்லில் உள்ள நுண்துளைகளை அடைக்கிறது. இதனால் கல் உறிஞ்சும் நீரின் அளவு குறைகிறது. பாலிஎத்திலீன் போன்ற நெகிழிகளும் நிலக்கீலும் ஐதரோகார்பன்களே ஆதலால் அவை ஒன்றோடொன்று நன்கு ஒட்டுகின்றன. கல்லுக்கும் நிலக்கீலுக்கும் இடையே நீர் புகுவதற்குரிய வழி அடைபடுவதால், கற்கள் பெயர்ந்து போவது குறைகிறது. இவ்வகைக் கற்களை நீரில் ஊறவைத்துச் செய்யப்பட்ட ஆய்வகச் சோதனைகளில் நிலக்கீல் உரிந்து வரவில்லை. கலவை கோடை வெப்பத்தில் இளகி ஓடுவதும், சக்கரத் தடங்களில் அமிழ்வதும் குறைகின்றன.

ஆனால் இப்பயன்கள் அனைத்தும் மேலடுக்கிற்கே உரியவை. சாலையின் இருபுறமும் மழைநீர் வடிவதற்கு வழி இல்லையெனில் அடித்தளம் ஊறி இளகிவிடும். அடித்தளம் அமிழ்ந்த பின்னர் மேலடுக்கில் எந்தப் பொருளைச் சேர்த்திருந்தாலும் சாலை நிலைக்காது.

ஏற்ற நெகிழிகளும் ஏலாத நெகிழிகளும்

பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் ஆகிய மூன்றும் உலர் முறைக்கு ஏற்றவை. கைப்பைகள், குவளைகள், பொதியுறைகள், தெர்மோகோல் ஆகியவை இவற்றுள் அடங்கும். பிசுக்கட்டு, மிட்டாய் போன்றவற்றின் பல அடுக்கு உறைகளும் சேர்க்கப்படுகின்றன. வெவ்வேறு பொருட்கள் படலங்களாக ஒட்டியிருப்பதால் இவ்வுறைகளை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம்; ஆகவே சாலைப் பயன்பாடு இவற்றுக்குப் பொருத்தமானது. படல வடிவிலான நெகிழி 60 மைக்ரானுக்கு மேற்படாத தடிப்புடன் இருப்பது விரும்பத்தக்கது. தடித்த நெகிழி குறைந்த நேரத்தில் இளகிப் பரவாது.

பாலிவினைல் குளோரைடு எக்காரணம் கொண்டும் சேர்க்கத் தக்கதன்று. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின் ஆகும். சூடாகும்போது அது ஐதரசன் குளோரைடு வளிமத்தை வெளியிடும்; எரிய நேரிட்டால் டையாக்சின்கள் போன்ற கொடிய நச்சுப் பொருட்களும் உண்டாகும். விளம்பரத் தட்டிகளுக்குப் பயன்படும் நெகிழித் துணிகளில் இப்பொருள் இருப்பதால், அவற்றைப் பிரித்து ஒதுக்குவது இன்றியமையாதது. பலமுறை மறுசுழற்சி செய்யப்பட்ட கறுப்பு நெகிழியும் தவிர்க்கப்படுகிறது. குடிநீர்ப் புட்டிகள் செய்யப்படும் பாலிஎத்திலீன் டெரித்தாலேட்டு ஏறத்தாழ 250 பாகை செல்சியசில்தான் உருகும். ஆகவே கற்களின் வெப்பத்தில் அது இளகுவதில்லை. அதற்கு நல்ல மறுசுழற்சிச் சந்தையும் உண்டு.

அளவுக் கணக்கு

நிலக்கீலின் எடையில் பொதுவாக 6 முதல் 8 விழுக்காடு வரை நெகிழி சேர்க்கப்படுகிறது. இதனால் உண்டாகும் மாற்றத்தின் அளவை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் அறியலாம். 3.75 மீட்டர் அகலமுள்ள ஒருவழித் தடச் சாலையில், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 25 மில்லிமீட்டர் தடிப்பில் மேலடுக்கு இடுவதாகக் கொள்வோம். கலவையின் கன அளவு ஏறத்தாழ 94 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.3 டன் எனக் கொண்டால் மொத்த எடை ஏறத்தாழ 216 டன். இதில்,

* கல், மணல், கல்தூள்: ஏறத்தாழ 205 டன்
* நிலக்கீலும் நெகிழியும் சேர்ந்து: ஏறத்தாழ 10.8 டன்
* அதில் நெகிழி (8 விழுக்காடு): ஏறத்தாழ 0.86 டன்

அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் நெகிழி பயன்பட்டு, அதே அளவு நிலக்கீல் மிச்சமாகிறது. மொத்தக் கலவையில் இது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சிய 99.5 விழுக்காட்டுப் பொருளிலும், அதனைச் சூடாக்கும் எரிபொருளிலும் நெகிழி சேர்ப்பதனால் மட்டும் குறைவு ஏற்படுவதில்லை.

இக்கணக்கிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நெகிழிச் சாலையின் பெரும் பயன் நிலக்கீலுக்கு மாற்றாக அமைவதில் இல்லை. சாலையின் ஆயுளை நீட்டிப்பதில்தான் உள்ளது. ஒருமுறை மறு மேலடுக்கு இடுவது தவிர்க்கப்பட்டால் கிலோமீட்டருக்கு 200 டன்னுக்கு மேற்பட்ட கல்லும், 10 டன் நிலக்கீலும், அவற்றுக்கான எரிபொருளும் மிச்சமாகும். ஆயுள் நீளவில்லையெனில் மிச்சமாவது ஒரு டன்னுக்கும் குறைவான நிலக்கீல் மட்டுமே.

இரண்டாவது, சாலைகள் மட்டும் நெகிழிக் கழிவுச் சிக்கலைத் தீர்த்துவிட இயலாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கின்படி 2019-20 ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 35 இலட்சம் டன் நெகிழிக் கழிவு உண்டானது. அது முழுவதையும் மேற்கண்ட அளவில் சாலைகளில் இட வேண்டுமாயின், ஓராண்டில் ஏறத்தாழ 40 இலட்சம் கிலோமீட்டர் ஒருவழித் தடச் சாலை வேண்டும். இந்தியாவின் மொத்தச் சாலை நீளமே ஏறத்தாழ 63 இலட்சம் கிலோமீட்டர்தான்.

கள மதிப்பீடு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008 ஆம் ஆண்டில் நெகிழிச் சாலைகளின் செயல்பாடு பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது. 2002 முதல் 2006 வரை சென்னை, ஈரோடு, மதுரை ஆகிய இடங்களில் அமைக்கப்பட்ட நெகிழிச் சாலைகள், 2002 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வழக்கமான நிலக்கீல் சாலை ஒன்றுடன் ஒப்பிடப்பட்டன. மேற்பரப்பின் சமனின்மை, சொரசொரப்பு, வழுக்குத் தடை, சுமையின் கீழ் சாலை வளையும் அளவு, அடர்த்தி ஆகியவை அளக்கப்பட்டன. பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த பின்னரும் நெகிழிச் சாலைகளில் குழிகள், தடப் பள்ளங்கள், ஓரச் சிதைவு ஆகியவை காணப்படவில்லை என அறிக்கை தெரிவித்தது.

இம்முடிவுகள் ஊக்கமளிப்பவை. எனினும் அச்சாலைகள் பெரும்பாலும் ஆய்வாளர்களின் நேரடிக் கண்காணிப்பில், நன்கு பிரிக்கப்பட்ட நெகிழியைக் கொண்டு அமைக்கப்பட்டவை. நகர்த் தெருக்களிலும் கல்லூரி வளாகத்திலும் இருந்தமையால் கனரக வண்டிகளின் சுமை நெடுஞ்சாலைகளில் உள்ளது போன்றதன்று. ஆகவே அதே பயனை எல்லா இடங்களிலும் பெறுவதற்கு அதே கண்காணிப்பும் வேண்டும்.

அரசு நெறிமுறைகள்

இந்தியச் சாலைகள் காங்கிரசு 2013 ஆம் ஆண்டில், சூடான நிலக்கீல் கலவைகளில் கழிவு நெகிழியை உலர் முறையில் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இவை மேலடுக்குகளுக்கு மட்டும் உரியவை. 2015 ஆம் ஆண்டு நவம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், 5 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களிலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இடப்படும் மேலடுக்குகளில் கழிவு நெகிழியைப் பயன்படுத்துமாறு பணித்தது. நெகிழி கிடைக்கும் இடத்துக்கு அருகிலேயே அது பயன்பட வேண்டும் என்பது இவ்வரம்பின் நோக்கம். இலேசான நெகிழியை நெடுந்தொலைவு ஏற்றிச் செல்வது எரிபொருளை வீணாக்கும்.

2016 ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், சாலை அமைப்பதற்கு நெகிழிக் கழிவைப் பயன்படுத்துவதை ஊக்குவிக்குமாறு உள்ளாட்சிகளைப் பணிக்கின்றன. மேலும் மறுசுழற்சி செய்ய இயலாத கழிவையே இதற்குத் தேர்ந்தெடுப்பது விரும்பத்தக்கது என்றும் அவை குறிப்பிடுகின்றன.

தமிழ்நாட்டில் 2019 ஆம் ஆண்டு சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் நெகிழிப் பொருட்கள் பலவும் தடை செய்யப்பட்டன. நாடு முழுவதும் இவ்வாறான பொருட்கள் சிலவற்றுக்கு 2022 ஆம் ஆண்டு சூலை 1 முதல் தடை விதிக்கப்பட்டது. நெகிழிச் சாலைத் தொழில்நுட்பம் இத்தடைகளுக்கு மாற்றாகாது. தடையின் பின்னரும் எஞ்சும் கழிவுக்கே அது பயன்படத் தக்கது.

பிற நாடுகளில்

இசுக்கொட்லாந்தின் லாக்கர்பி நகரில் 2016 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மெக்ரீபர் என்னும் நிறுவனம், கழிவு நெகிழியிலிருந்து செய்த குறுணையை நிலக்கீல் கலவையில் சேர்க்கிறது. நெதர்லாந்தின் சுவோல் நகரில் 2018 ஆம் ஆண்டில் 30 மீட்டர் நீளமுள்ள மிதிவண்டிப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. இது இந்திய முறையிலிருந்து வேறுபட்டது. இதில் மறுசுழற்சி செய்த நெகிழியாலான உள்ளீடற்ற பாளங்கள் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு, பாதையில் அடுக்கப்பட்டன. உள்ளிருக்கும் வெற்றிடம் மழைநீரைத் தேக்கவும் குழாய்களைக் கொண்டு செல்லவும் பயன்படும்.

குறைகளும் விமர்சனங்களும்

புகை

பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் முதலியன 180 பாகை செல்சியசு வரை சிதைவதில்லை. ஏறத்தாழ 270 பாகைக்கு மேல் சிதையத் தொடங்கும். எனவே வெப்பநிலை வரம்புக்குள் இருக்கும்வரை நெகிழி இளகுமேயன்றி எரியாது. ஆனால் சாலையோரத்தில் இயங்கும் சிறு கலவைப் பொறிகளில் வெப்பநிலையை அளக்கும் கருவிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. நெகிழி நேரடியாகத் தீச்சுவாலையில் பட்டாலோ, தவறான வகை நெகிழி கலந்தாலோ, நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அங்குப் பணிபுரியும் தொழிலாளர்களே. வெப்பமானி, முகக் கவசம், நெகிழியை வகை பிரிக்கும் ஒழுங்கு ஆகியவை இதன் காரணமாகவே இன்றியமையாதவை ஆகின்றன.

நுண்நெகிழி

எல்லாச் சாலைகளின் மேற்பரப்பும் சக்கரங்களின் உராய்வால் தேய்கிறது. நெகிழி கலந்த மேற்பரப்பு தேயும்போது, அத்துகள்களில் நெகிழியும் இருக்கும். மழைநீர் அவற்றை வடிகால்களுக்கும் நீர்நிலைகளுக்கும் கொண்டு சேர்க்கலாம். நெகிழி கல்லுக்கும் நிலக்கீலுக்கும் இடையே பொதிந்திருப்பதால் அது எளிதில் பிரியாது என்பது இம்முறையை ஆதரிப்போரின் கருத்து. சாலை நன்னிலையில் உள்ளவரை இவ்வாதம் பொருந்தும். சிதைந்த நிலையில் நெடுநாள் விடப்படும் சாலைக்கு இது பொருந்தாது. எனவே நெகிழிச் சாலைகளுக்குக் காலத்தே பராமரிப்புச் செய்வது பிற சாலைகளைவிட முக்கியமானது. சாலையில் உண்டாகும் நுண்நெகிழியில் பெரும்பங்கு வண்டிச் சக்கரங்களின் தேய்விலிருந்து வருவது என்பதும் கருதத் தக்கது.

மறுசுழற்சியுடன் போட்டி

தூய பாலிஎத்திலீனை மீண்டும் பொருளாக வார்க்க இயலும். அதனைச் சாலையில் இட்டால், மீண்டும் பெற இயலாதவாறு கீழ்நிலைப் பயன்பாட்டுக்குத் தள்ளியதாகும். சாலைப் பணிக்கு நெகிழி கட்டாயமாக்கப்பட்டு, வகை பிரித்த கழிவு போதிய அளவில் கிடைக்காதபோது, மறுசுழற்சிக்குச் செல்ல வேண்டிய நெகிழியும் சாலைக்குத் திருப்பப்படும் நிலை உண்டாகிறது. மேற்கூறிய 2016 ஆம் ஆண்டு விதிகள் மறுசுழற்சிக்கு ஏலாத கழிவுக்கு முதன்மை தருவது இந்நிலையைத் தவிர்க்க உதவும்.

பழைய மேலடுக்கு

பழைய மேலடுக்கைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய அடுக்கு இடும் வழக்கத்தால், பல தெருக்களில் சாலை மட்டம் உயர்ந்து வீடுகளுக்குள் மழைநீர் புகுகிறது. இதனைத் தவிர்க்கும் பொருட்டு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பின்னரே மறு அடுக்கு இட வேண்டும் என 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். சுரண்டி எடுக்கப்படும் நெகிழிக் கலவை வெறும் குப்பையாகக் கொட்டப்பட்டால், சாலையில் புதைக்கப்பட்ட நெகிழி மீண்டும் மண்ணுக்கே திரும்பும். அதனைப் புதிய கலவையில் மீண்டும் சேர்த்தால் கல், நிலக்கீல், நெகிழி ஆகிய மூன்றும் சாலையிலேயே நிலைக்கும்.

பிற வழிமுறைகளுடன் ஒப்பீடு

சாலைப் பொருட்களின் சூழல் பாதிப்பைக் குறைக்கப் பின்வரும் முறைகளும் கையாளப்படுகின்றன.

பழைய கலவையின் மறுபயன்பாடு: சுரண்டி எடுத்த பழைய நிலக்கீல் கலவை புதிய கலவையில் சேர்க்கப்படுகிறது. கல், நிலக்கீல் ஆகிய இரண்டும் மிச்சமாவதால், பொருளளவில் இதன் பயன் நெகிழி சேர்ப்பதைவிடப் பல மடங்கு பெரிது. கலவையில் 20 விழுக்காடு பழைய பொருளைச் சேர்த்தால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் கிலோமீட்டருக்கு 40 டன்னுக்கு மேற்பட்ட புதிய பொருள் தேவைப்படாது.

மிதவெப்பக் கலவை: சிறப்புச் சேர்பொருட்கள் அல்லது நுரைத்த நிலக்கீலின் துணையால், கலவை வழக்கத்தைவிட ஏறத்தாழ 20 முதல் 40 பாகை குறைந்த வெப்பத்தில் ஆயத்தம் செய்யப்படுகிறது. எரிபொருளும் புகையும் குறைகின்றன. நெகிழியின் உலர் முறைக்குக் கற்கள் மிகுந்த சூட்டில் இருக்க வேண்டியுள்ளதால், இவ்விரு முறைகளின் பயனையும் ஒரே கலவையில் முழுமையாகப் பெறுவது கடினம்.

இரப்பர்த் தூள்: பழைய வண்டிச் சக்கரங்களை அரைத்து நிலக்கீலில் கலக்கும் முறை 1960களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்சு நகரில் சார்லசு மெக்டொனால்டு என்னும் பொறியாளரால் உருவாக்கப்பட்டது. விரிசல்கள் குறைவதும், வண்டி ஓசை தணிவதும் இதன் பயன்கள்.

எஃகுக் கசடு: எஃகு ஆலைகளில் கிடைக்கும் கசடு ஜல்லிக்கு மாற்றாகப் பயன்படுகிறது. குசராத்து மாநிலத்தின் சூரத்து நகரை அடுத்த அசீராவில் 2022 ஆம் ஆண்டில், மத்தியச் சாலை ஆய்வு நிறுவனத்தின் வழிகாட்டலுடன் கசடு கொண்டு ஆறு வழிச் சாலை ஒன்று அமைக்கப்பட்டது. சாலையின் மிகப் பெரும் பகுதியான கல்லுக்கே மாற்றாக அமைவது இம்முறையின் சிறப்பு.

சிமெண்டுச் சாலை: இது நெடுங்காலம் உழைக்கக்கூடியது. ஆனால் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் சிமெண்டு செய்யும்போது பெருமளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. சிமெண்டில் ஒரு பகுதிக்கு மாற்றாக அனல் மின் நிலையச் சாம்பலோ ஊதுலைக் கசடோ சேர்த்தால் இப்பாதிப்பு குறையும்.

இவற்றுடன் ஒப்பிடுகையில், நெகிழிச் சாலை மிகக் குறைந்த கூடுதல் செலவில், உள்ளூர்க் கழிவைக் கொண்டு, சிறிய ஊராட்சியும் செய்யக்கூடிய முறையாக விளங்குகிறது. அதன் பயன் முழுமையாகக் கிடைக்க, நெகிழி வகை பிரிக்கப்பட வேண்டும். கற்களின் வெப்பநிலை அளக்கப்பட வேண்டும். சாலையோரம் நீர் வடிய வேண்டும். பழைய அடுக்கு சுரண்டப்பட்டு மீண்டும் பயன்பட வேண்டும். இவற்றுள் நெகிழியைப் பிரிப்பது தவிர்ந்த பிற அனைத்தும் எல்லாத் தார்ச் சாலைகளுக்கும் பொருந்தும் நெறிகளே ஆகும்.